பந்தின் துளைக்குள் அண்டி எண்ணெய்

பந்து உருட்டிக் குத்தியைச் சாய்க்கிற விளையாட்டை எங்கள் ஊரில் யாரும் பார்த்தது கிடையாது. நானும் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு வேண்டிய சாமானை ஒன்பது வருஷம் செய்து அனுப்பினோம்.

கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் கடைசல் கொட்டகை. என் வீட்டுக்காரர் கட்டில் கால், தொட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் கொல்லத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி ஆள் அனுப்பினார். மலைத் தோட்டங்களில் துரைமார் க்ளப்பு உண்டு. அங்கே நீளமாகப் பலகைத் தளம் போட்டிருப்பார்கள். ஒரு கோடியில் பத்து மரக் குத்திகளை நிறுத்தி வைத்து, மறு கோடியிலிருந்து கனத்த பந்தை உருட்டி அவற்றை விழத்தட்டவேண்டும். அந்தக் க்ளப்புகளுக்குத் தளப்பலகை, தளத்துக்கு மெழுகு, பந்து போய் மோதுகிற இடத்துக்குக் கயிற்று மெத்தை எல்லாம் கொடுப்பது அந்த வியாபாரிதான். பந்தும் குத்தியும் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தன. கப்பல் நின்றதும் அவை வரவில்லை. உங்களால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் வீட்டுக்காரர்.

பந்துக்குப் புளியமர வைரம். குத்திக்கு அயனிப்பலா மரம். பந்து உரிக்காத தேங்காய் அளவு இருக்கும், பத்து ராத்தல் கனம். குத்தி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைவது பாதி வேலைதான். பத்துக் குத்தியும் ஒரே எடை நிற்கவேண்டும். ஒன்று கனமாக இருந்தால் விளையாட்டு கெட்டுப்போகும் என்பார் கொல்லத்துக்காரர். நான் தராசில் வைத்துப் பார்த்துப் பார்த்து, எடை ஒத்த பத்தைச் சேர்த்துக் கட்டுவேன். கனம் கூடினதை அடியில் கொஞ்சம் சீவுவோம்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். ஏழு நாள் படுத்தார். எட்டாம் நாள் இல்லை. அதற்குப் பிறகு கொழுந்தன் கடைந்தான். மற்றதெல்லாம் நான் பார்த்தேன்.

துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். க்ளப்புகளைப் பூட்டினார்கள். வருஷத்துக்கு இருபது செட் குத்தி போன இடத்தில் நாலு போயிற்று. கொட்டகைக் கூரை ஒழுகியது. ஓலை மாற்ற வழியில்லை. அந்த நேரத்தில்தான் கொல்லத்திலிருந்து கடிதம் வந்தது. மலையில் ஒரு க்ளப்பை நம் நாட்டு மானேஜர்மார் எடுத்து நடத்தப் போகிறார்கள். தளத்தைப் புதுசாகப் போடுகிறார்கள். இருபது செட் குத்தி, நாற்பது பந்து வேண்டும். இது நன்றாக அமைந்தால் மற்ற க்ளப்புகளுக்கும் இனி உங்களிடம்தான் எடுப்பேன் என்று எழுதியிருந்தார்.

நானும் கொழுந்தனும் மட்டும் அதைச் செய்யமுடியாது. சக்கரம் சுற்ற ஆள் வேண்டும். தேய்க்க, எண்ணெய் பூச ஆள் வேண்டும். நான் என் பழைய இடத்துக்குப் போனேன்.

முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கம் அண்டி என்போம். அதை வறுத்து உடைத்துப் பருப்பு எடுக்கிற இடம் அண்டியாபீஸ். கலியாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பத்து வருஷம் நான் அங்கே உடைத்தேன். வறுத்த அண்டியின் தோட்டில் எண்ணெய் நிற்கும். கையில் பட்டால் பொள்ளும். முதல் மாசம் கை புண்ணாகி, உரிந்து, கறுத்து, மறுபடி உரியும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்போம். ஒரு வருஷத்தில் தோல் தடித்துவிடும். பிறகு ஒன்றும் தெரியாது. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவோம்.

அங்கே எனக்குப் பக்கத்தில் இருந்து உடைத்த ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி வாய்க்காரி. மற்றவள் மெலிஞ்சவள், அதிகம் பேசமாட்டாள். அண்டியாபீஸை விட்டு ஒருத்தி நின்றால் பேரை வெட்டிவிடுவார்கள். மறுபடி எடுக்கமாட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியும்.

"நிரந்தரமா வேலை உண்டா?" என்று மெலிஞ்சவள் கேட்டாள்.

"உண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எனக்கு மூணு பிள்ளைங்க."

"உண்டுண்ணு சொல்லியாச்சுல்லா."

வந்தார்கள். என் சொல்லை நம்பி வந்தார்கள்.

இந்தத் தடவை பந்து வேறு மாதிரி. முன்னால் செய்ததெல்லாம் முழுப் பந்து, உள்ளங்கையில் ஏந்தி உருட்டுவது. இதில் ரெண்டு துளை வேண்டும் என்று படம் போட்டு அனுப்பியிருந்தார். ஒன்றில் கட்டைவிரல், ஒன்றில் நடுவிரல் விட்டுத் தூக்குவார்களாம். கொழுந்தன் துறப்பணம் வைத்துத் துளைத்தான். விரல் ஆழத்துக்கு.

கடைந்த மரத்துக்கு நாங்கள் பூசுவது அண்டி எண்ணெய்தான். வள்ளத்துக்குக் கடற்கரைக்காரர்கள் பூசுகிறதும் அதுதான். காய்ச்சி, மெலிசாகத் தேய்த்து, பத்து நாள் நல்ல வெயிலில் போட்டால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். வண்டு துளைக்காது, தண்ணீர் ஏறாது, கையையும் ஒன்றும் செய்யாது. அதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. பூசாமல் அனுப்பின ஒரு லோடுதான் வண்டு ஏறித் திரும்பி வந்தது. அதை நான் மறக்கவில்லை.

"துளைக்குள்ள விட்டுராதீங்க. வண்டு அதுவழியாத்தான் ஏறும். ரெண்டு தடவை பூசுங்க," என்று சொன்னது நான்.

ஐப்பசி. வெயில் இல்லை. மழை நின்றால் மேகமூட்டம், மூட்டம் போனால் மழை. தேங்காய்க் கதம்பையைப் புகையவிட்டு, மேலே பரண் கட்டி, அதில் பந்துகளை அடுக்கினோம். வெளிப்பக்கம் இறுகியது. உள்ளே இறுகியதா என்று மூன்று பேரும் விரல் விட்டுப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. சரி என்று வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கினோம். திங்கட்கிழமை காலை லாரி வந்து கொல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது.

அன்றைக்கு மத்தியானம் அடுத்த வீட்டு லேஸ்காரி அடுப்பெரிக்க மரச்சீவல் அள்ள வந்தாள். மிஷன் பங்களா மதாம்மாவிடம் நூல் வாங்கி வெள்ளை லேஸ் பின்னிக் கொடுக்கிறவள். என்னைவிட மூன்று நாலு வயது மூப்பு. கையை அப்படிப் பார்த்துக்கொள்வாள். பாத்திரம் தேய்க்கமாட்டாள், அவள் வீட்டுக்காரர்தான் தேய்ப்பார். கறை பட்டால் நூல் கெட்டுவிடும்.

கொட்டகை மூலையில் ஒரு பந்து கிடந்தது. வெடிப்பு விழுந்ததால் விட்டுவைத்தது. எண்ணெய் பூசினபிறகு வெடித்தது.

"இதென்னட்டி, ரெண்டு கண்ணு மட்டும் வச்ச மொட்டத்தலை?" என்றாள் லேஸ்காரி.

"உனக்க மாப்பிளைக்க தலைதான். அடையாளம் தெரியல்லியா?" என்றாள் வாய்க்காரி.

"அவருக்கு ஒரு கண்ணுதாம்ட்டி திறந்திருக்கும். மற்றது எப்பவும் உறக்கம்."

எல்லாரும் சிரித்தோம். சாமான் போன சந்தோஷம். லேஸ்காரி வலக்கை விரல்களைத் துளையில் விட்டுத் தூக்கினாள். கனம் தாங்காமல் இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒருதடவை ஆட்டி உருட்டினாள். அது நேரே போய்த் தண்ணீர்ப் பானையில் மோதியது. பானை உடைந்தது.

"பாத்தியா, குத்தி விழுந்துட்டு," என்றாள்.

அதன்பிறகு அந்தக் கொட்டகையில் நாங்கள் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

புதன்கிழமை காலையில் அவள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏட்டி, வெளிய வா."

போனேன். வலக்கையை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தாள். பிரித்துக் காட்டினாள். கட்டைவிரலும் நடுவிரலும் பழுத்த மிளகாய் நிறம். நுனியெல்லாம் கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வடிந்தது.

"என்னக்கா இது?"

"என்கிட்ட கேக்குதியா? நான் உனக்க பந்தைத் தொட்டேன். வேற ஒண்ணும் தொடல்ல. நேத்து காலையில தொடங்கின எரிச்சல். ஊசியைப் பிடிக்க முடியல்ல. பாதி பின்னின லேஸ் கிடக்கு. மதாம்மாவுக்கு நான் என்ன சொல்ல?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்தப் புண்ணை எனக்குத் தெரியாதா? முதல் மாசத்துப் புண். பத்து வருஷம் பார்த்தது.

கொட்டகைக்குள் போய் வெடித்த பந்தை எடுத்து என் விரலை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைத் துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டுத் திருப்பினேன். தவிட்டு நிறத்தில் நனைந்து வந்தது. உள்ளே பச்சையாகவே நின்றிருக்கிறது எண்ணெய். துளைக்குள் காற்று இல்லை, வெயில் இல்லை. ரெண்டு தடவை பூசியது வேறு. நாங்கள் மூன்று பேரும் விரல் விட்டுப் பார்த்தோம். செத்த தோலை வைத்துப் பார்த்தோம்.

பெட்டி அடுக்கியிருந்த இடம் காலியாகக் கிடந்தது.

நாற்பது பந்து. எண்பது துளை. க்ளப்புத் திறக்கிற அன்றைக்கு எத்தனை பேர் விரல் விடுவார்கள்?

"சொல்லாண்டாம்," என்றாள் வாய்க்காரி. "போனது போச்சு. அவனுங்களுக்கு எதுல பட்டுதுண்ணு தெரியவா போவுது? மலையில என்னென்ன செடி இருக்கு."

"கொல்லத்துக்காரருக்குத் தெரியும்," என்றாள் மெலிஞ்சவள். "அவரு ஊரு முழுக்க அண்டியாபீஸ்தான். மோந்து பாத்தாலே தெரியும்."

கொழுந்தன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தச் சாமான் தள்ளுபடியானால் நாலு வீட்டில் அடுப்பு எரியாது. அண்டியாபீஸ் கதவு அடைத்தாயிற்று. அவர்களை அதிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது நான்.

கதவுக்கு வெளியே லேஸ்காரி இன்னும் நின்றாள். அவளை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மருந்து வைத்துக் கட்டினார்கள். ஒரு மாசம் கையை நனைக்கக்கூடாது என்றார்கள். திரும்பி வரும் வழியில் அவள் முன்னால் நடந்தாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். கொல்லத்துக்குப் போகவேண்டும். பெட்டிகளை எடுக்கக் க்ளப்பு லாரி அங்கே வருவதற்கு முன்னால் துளையைச் சுடவேண்டும். பழுக்கக் காய்ச்சின கம்பியை விட்டால் எண்ணெய் கருகி இறுகிவிடும். இறுகியதா என்று யார் பார்ப்பது? என் கைக்குத் தெரியாது. இவர்கள் கைக்கும் தெரியாது. கொல்லத்துக்காரர் தன் கையைத் தரமாட்டார்.

வீட்டு வாசலில் கேட்டேன்.

"அக்கா, எனக்ககூட கொல்லத்துக்கு வரணும்."

"எதுக்கு?"

"உனக்க மற்றக் கை வேணும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"நீ மனுசிதானா?"

நான் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு கையைக் கெடுத்தாச்சு. மற்றதையும் கொண்டாண்ணு கேக்குதியே. உனக்கு நாக்கு கூசல்லியா?"

"கூசுது," என்றேன். "வேற கை எனக்குத் தெரியல்ல."

அவள் உள்ளே போய்க் கதவை அடைத்தாள்.

வியாழக்கிழமை விடியற்காலம் முதல் பஸ்ஸுக்கு நான் தனியாகத்தான் போனேன். மழை தூறியது. பஸ் நிற்கிற இடத்தில் லேஸ்காரி நின்றாள். கட்டுப்போட்ட கை முந்தானைக்குள். இடது கையில் ஒரு பொட்டலம், அவள் மாப்பிள்ளை கட்டிக்கொடுத்த சோறு.

"உனக்காண்டி வரல்ல," என்றாள். "இனி நாப்பது பேருக்கு எனக்க கதி வரப்பிடாது. அதுக்குத்தான்."

திருவனந்தபுரம் வரை பஸ். அங்கிருந்து ரயில். கொல்லம் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. குடோன் வாசலில் எங்கள் பெட்டிகளைப் பார்த்தேன். ஏழு பெட்டியும் இருந்தன. ஆணி பிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொல்லத்துக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். மரியாதையான மனுஷர். அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"எந்தா, பெட்டி வந்து சேர்ந்தல்லோ. நீ எதுக்கு மழையில?"

"பந்துல தப்பு இருக்கு முதலாளி."

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். லேஸ்காரியின் கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார் போல. பிறகு ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, பந்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். கையில் வாங்கவில்லை. ஆள் பிடித்துக்கொண்டான், அவர் முகர்ந்தார்.

"அண்டி எண்ணெய். துளைக்குள்ள. பிள்ள கூட இதச் செய்யுமோ?"

"வண்டு ஏறப்பிடாதுண்ணு செய்தேன்."

"வண்டு ஏறாது. மனுஷனும் ஏறமாட்டான். விரல் விட்டு நோக்கியா?"

"நோக்கினோம். எங்களுக்குத் தெரியல்ல."

"உங்களுக்குத் தெரியாது. தீக்கங்கு எடுத்துத் தந்தாலும் தெரியாது." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "க்ளப்பு லாரி சனியாழ்ச்ச காலையில வரும். நான் வாக்குக் கொடுத்தவன். அதுக்குள்ள என்ன செய்யணுமோ செய். ஆனா நல்லதாச்சுண்ணு எனக்குத் தெரியணும். உன் வாயால அல்ல."

குடோனுக்குப் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டகை இருந்தது. கரி அடுப்பு தந்தார்கள். கொல்லன் பட்டறையிலிருந்து ரெண்டு கம்பி வாங்கி வந்தேன். அன்றைக்குப் பதினைந்து பந்து முடிந்தது. மற்றதை வெள்ளிக்கிழமை விடிந்ததும் தொடங்கினேன்.

கம்பியைத் துளையில் விட்டால் சீறும். கறுப்புப் புகை வரும். அந்தப் புகை கண்ணைக் குத்தும், தொண்டையை அடைக்கும். சுமட்டுக்காரர்கள் ரெண்டு பேர் இருமிக்கொண்டு ஓடினார்கள். கணக்கப்பிள்ளை ஜன்னலைச் சாத்தினார். லேஸ்காரி தூரத்தில் காற்று வருகிற பக்கம் நின்றாள். நான் அடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு துளைக்கு மூன்று தடவை கம்பி. பிறகு சாம்பல் போட்டுத் தேய்ப்பு. பிறகு தேங்காயெண்ணெய்த் துணி. மறுபடி சாம்பல். துளையெல்லாம் கரிப்பிடித்துக் கறுத்துவிட்டது. படத்தில் இருந்ததுபோல் அழகாக இல்லை. அழகைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்கு எண்பது துளையும் முடிந்தது. சாய்ப்பில் பந்துகளைப் பரப்பினேன். லேஸ்காரி வந்து பார்த்தாள். இடது கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள்.

பயம் என்று நினைத்தேன். இல்லை.

"எல்லாத்துலயும் ஒரே விரலை விட்டா, நாளைக்குப் பொள்ளினா எந்தப் பந்துண்ணு எப்படித் தெரியும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

"நாலு வரிசையா அடுக்கு. வரிசைக்குப் பத்து. முதல் வரிசைக்கு ஆள்காட்டி விரல். ரெண்டாவதுக்கு நடுவிரல். மூணாவதுக்கு மோதிரவிரல். நாலாவதுக்குச் சுண்டுவிரல். எந்த விரல் பொள்ளுதோ அந்த வரிசை கேடு."

லேஸ் பின்னுகிறவள் இழையை வைத்து எண்ணுகிறது அப்படித்தான் போல. நான் நாலு வரிசை அடுக்கினேன். அவள் முட்டுக்குத்தி உட்கார்ந்து, ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டு, சுற்றித் திருப்பி, எடுத்தாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அந்த விரலில் ஒரு நிறத் துணி சுற்றினேன், மற்ற வரிசையில் படாமல் இருக்க. கொல்லத்துக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

எண்பதாவது துளையிலிருந்து விரலை எடுத்ததும் என்னைப் பார்த்தாள்.

"இனி நீ பிரார்த்தனை பண்ணு. நான் பண்ணமாட்டேன். எனக்குக் கோவம் வருது."

அண்டி எண்ணெய் உடனே காட்டாது. ஒரு ராத்திரி வேண்டும். குடோன் ஓரத்தில் சாக்கு விரித்துப் படுத்தோம். தூங்கினதாக நினைவில்லை. மூன்று தடவை கேட்டேன், எரியுதா அக்கா என்று. மூன்றாம் தடவை "சும்மா கிடட்டி" என்றாள்.

விடிந்ததும் துணிகளை அவிழ்த்தேன். ஆள்காட்டி விரல் சுத்தமாக இருந்தது. நடுவிரல் சுத்தம். சுண்டுவிரல் சுத்தம். மோதிரவிரல் நுனி சிவந்து, நகத்துக்குக் கீழே கடுகளவு ரெண்டு கொப்புளம்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மூணாவது வரிசை," என்றாள்.

நான் எழுந்து மூன்றாவது வரிசைப் பந்து பத்தையும் தூக்கித் தூரமாக வைத்தேன். மற்ற முப்பதையும் துடைத்து அடுக்கினேன். முப்பது நல்ல பந்து. என் மனசு அதைப் பிடித்துக்கொண்டது. முப்பது போனால் போதும். பத்தைப் பிறகு செய்து தரலாம்.

கொல்லத்துக்காரர் வந்தார். விரலைக் காட்டச் சொன்னார். லேஸ்காரி நாலு விரலையும் விரித்துக் காட்டினாள்.

"முப்பது நல்லதுதான் முதலாளி," என்றேன்.

"யாரு சொன்னது?"

"விரல் சொல்லுதில்லா."

"மூணு விரலை நம்பி நான் க்ளப்புக்கு எழுதிக் கொடுக்கணுமோ? நாளைக்கு ஒரு மானேஜருக்குக் கை பொள்ளினா அவரு உன்னைக் கேக்கமாட்டாரு. என்னைக் கேப்பாரு."

"எனக்க விரல் பொய் சொல்லாது," என்றாள் லேஸ்காரி.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"குத்தி நல்லா இருக்கு. பத்தும் ஒரே எடை. அதை ஏத்துறேன். பழைய பந்து க்ளப்புல கிடக்கு, அதை வச்சுத் திறக்கட்டும். இனி நீ குத்தி மட்டும் அனுப்பு. பந்து உன்கிட்ட வேண்டாம். மெட்ராஸ்ல பாத்துக்கிறேன்."

"முதலாளி, பந்துதான் எங்களுக்கு வேலை. குத்தியை வச்சு மூணு பேரு கஞ்சி குடிக்கலாம். நாங்க நாலு பேரு."

"நான் என்ன செய்ய?"

நான் யாரிடமும் கெஞ்சினதில்லை. வீட்டுக்காரர் போன அன்றைக்குக்கூட யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் குனிந்தேன். அவர் காலைத் தொடக் கையை நீட்டினேன். அவர் சட்டென்று ரெண்டடி பின்னால் போனார்.

பெரிய மனுஷர், காலில் விழவிட மனசில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கையை. ரெண்டு நாளாக எண்ணெயிலும் கரியிலும் கிடந்த கை.

லாரி வந்தது. குத்திப் பெட்டிகள் ஏறின. பந்துகளை அங்கேயே விட்டோம். எடுத்துக்கொண்டு போ என்றார்கள். எங்கே எடுத்துப்போக? வெந்நீர் அடுப்புக்குப் போட்டிருப்பார்கள். புளிய வைரம் நன்றாக எரியும்.

ரயிலில் லேஸ்காரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட வலக்கை மடியில், விரலை விரித்தபடி இடக்கை அதன்மேல். அவளுக்கு நான் தேங்காயெண்ணெய் தடவப் போனேன்.

"தொடாத," என்றாள்.

ஊர் வந்து மறுநாள், லேஸ்காரியையும் சேர்த்து எல்லாரையும் கொட்டகையில் இருக்கச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். கொழுந்தன் கடையவேண்டும். சக்கரம் சுற்ற வலுவான கை வேண்டும், அது வாய்க்காரி. எடை பார்த்துச் சேர்த்துக்கட்ட ஒரு ஆள். அவ்வளவுதான். குத்தி வேலை அதற்குமேல் தாங்காது.

எடை பார்க்கிற இடம் ஒன்று. அந்த இடத்துக்கு நான், மெலிஞ்சவள், லேஸ்காரி என்று மூன்று பேர். ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தேன்.

"லேஸ்காரி இருக்கட்டும்," என்றேன். "ஊசி பிடிக்க அவளுக்கு மாசம் ஆகும். தராசைப் பார்க்க விரல் நுனி வேண்டாம். நான் கீரிப்பாறைக்கு மேல ரப்பர் தோட்டத்துக்குப் பால் எடுக்கப் போறேன். ஆள் எடுக்குதாங்க."

மெலிஞ்சவள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான்?" என்றாள்.

"நீயும் எனக்ககூட வா."

"மலைக்கா? என் பிள்ளைங்கள விட்டுட்டா?"

"உனக்க அம்மைகிட்ட விடு. சனிக்கிழமை இறங்கி வரலாம்."

"நிரந்தரமா உண்டுண்ணு சொன்னியே."

"சொன்னேன்."

வாய்க்காரி வாயைத் திறந்தாள். "எனக்க இடத்த இவளுக்குக் குடு. நான் மலைக்குப் போறேன்."

"அவளால சக்கரம் சுத்த முடியாது. ஒரு நாள்ல நெஞ்சு வலிக்கும்."

"மலையில மட்டும் வலிக்காதா?" என்றாள் மெலிஞ்சவள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு தணிந்துவிட்டாள். "நான் சொன்னா நீ மாத்துவியா?"

"மாத்தமாட்டேன்."

"பின்ன எதுக்கு எல்லாரையும் இருத்திவச்சுச் சொல்லுத?"

லேஸ்காரி கையைப் பொள்ளவைத்தது நான். மெலிஞ்சவளுக்கு வாக்குக் கொடுத்ததும் நான். ரெண்டில் ஒன்றைத்தான் செய்யமுடிந்தது. எது சரி என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

லேஸ்காரி எழுந்தாள். "நீ எனக்கு இந்த இடத்தைத் தந்ததுனால சரியாப் போச்சுண்ணு நினைக்காத."

"நினைக்கல்ல."

"எப்பத் தொடங்கணும்?"

"நாளைக்கு."

திங்கட்கிழமை நானும் மெலிஞ்சவளும் மலைக்குப் போனோம். அவள் கடைசிப் பிள்ளை வழிவரை ஓடி வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தோட்டத்தில் எங்களுக்கு ஒரே கூலி லயத்தில், ஒரே அறையில் இடம் கொடுத்தார்கள். பொழுது விடியுமுன் மரத்துக்கு மரம் போய்ப் பால் வெட்டவேண்டும், வெயில் ஏறினதும் சிரட்டை சிரட்டையாக ஊற்றி வாளியைச் சுமந்து வரவேண்டும். அட்டை கடிக்கும். மழையில் பாதை வழுக்கும். அவளுக்கு இருமல் வந்தது. நான் சுக்குத்தண்ணி போட்டு வைப்பேன். குடிப்பாள். பேசமாட்டாள். சனிக்கிழமை ஒரே பஸ்ஸில் இறங்குவோம், வேறு வேறு இடத்தில் உட்காருவோம்.

மார்கழி வரை அப்படித்தான் இருந்தது. ஒருநாள் சரிவில் அவள் வாளியோடு நின்றுவிட்டாள். ஏற முடியவில்லை. நான் பத்தடி மேலே நின்றேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் அசையவில்லை. வாளியில் பால் உறைந்து கட்டிவிட்டால் கங்காணி ரெண்டு பேரையும் ஏசுவான்.

"பிடி," என்றாள்.

இறங்கிப் போய்ப் பிடித்தேன்.